கணினி கண்டுபிடித்த கோபம்

எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே அவர் மனதைத் தெரிந்துகொள்ளும் திரை ஒன்றை நாங்கள் செய்துவிட்டோம் என்று சொன்னபோது, ஸ்ரீரங்கத்தில் என் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. திருச்சியில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. நாங்கள் செய்தது, ஆன்லைனில் பில் கட்டுகிற பக்கம். கட்டுபவர் குழம்பினால் கேமரா கவனித்துவிடும். எழுத்து பெரிதாகும், பட்டன்கள் குறையும். கோபப்பட்டாலோ, மற்றதெல்லாம் மறைந்து, ‘என்ன வேண்டும்?’ என்ற ஒரே ஒரு கேள்வியோடு திரை பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும். அது முதல்முறை வேலை செய்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. திங்கட்கிழமை மேலதிகாரிகளுக்குக் காட்ட வேண்டும். சொதப்பினால் திட்டத்தை மூட்டை கட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கச் சொல்லிவிடுவார்கள்.

சோதனைக்கு அகப்பட்டவர் என் கணவர். அவர் ஆபீசிலிருந்து வந்ததும் தினமும் லேப்டாப் முன்னால் உட்கார வைப்பேன். மூலையில் ‘அமைதி’ என்று காட்டும்.

சனிக்கிழமை முக்கொம்பு அணைக்குச் சுற்றிப் பார்க்கப் போவதாக இருந்தோம். வேலை முடியவில்லை என்று கடைசி நேரத்தில் நான் கைவிரித்துவிட்டேன். பரவாயில்லை என்றுதான் சொன்னார். மறுநாள் காலை குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, பெருமாளுக்கு அமுது செய்வித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திரை ‘கோபம்’ என்றது. அவர் சிரித்தார்; அப்போதும் கோபம்தான்.

எனக்குச் சுருக்கென்றது. “மனசுல வச்சுண்டே பரவாயில்லைன்னு சொல்லியிருக்கேள்!” என்றேன்.

இல்லவே இல்லை என்றார். நான் விடுவேனா? மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஆரம்பித்து, கல்யாணத்தில் நடந்தது வரை தோண்டி எடுத்தேன். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. விறுவிறுவென்று போய் முகத்தை அலம்பிக்கொண்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. திரை ‘அமைதி’ என்றது.

அப்போதுதான் வெறும் நெற்றியைப் பார்த்தேன். திருமண்! புருவ நடுவிலிருந்து எழும்பும் அந்தக் கோடுகளை எங்கள் அருமைக் கணினி நெற்றிச் சுருக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. சாயங்காலங்களில் அந்தக் கோடுகள் இருந்ததில்லை; இப்போதும் அலம்பியதும் போய்விட்டன, அதனால்தான் ‘அமைதி’. எழுந்து குதித்தேன். அவர் கோபத்தைப் பார்த்து நான் சிரிக்கிறேன் என்று நினைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரே கண்ணாடி முன் நின்று மறுபடி இட்டுக்கொண்டு வந்தார். கோபம்! திருமண்ணோடு இருந்த பக்கத்து வீட்டு மாமாவைக் கூப்பிட்டு வந்தார். அவருக்கும் கோபம். இந்தக் கணக்கில் எங்கள் தெருவே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஒரே நாளில் எல்லா நெற்றிகளையும் அதற்குக் கற்றுக்கொடுக்க முடியாது. அதனால் வேறு வழி யோசித்தேன். இனி அது தானாக எதையும் முடிவு செய்யக்கூடாது, ‘சிரமமாக இருக்கிறதா? எளிதாக்கட்டுமா?’ என்று முதலில் கேட்கட்டும். சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் லீவு போட்டுவிட்டு, திருமண்ணோடு வந்து அதிகாரிகள் முன் உட்கார்ந்தார். திரை கேட்டது. அவர் ‘வேண்டாம்’ என்பதைத் தொட்டார். பக்கம் அப்படியே இருந்தது. அந்தக் கேள்விதான் இதில் பிரமாதம் என்றார் பெரிய அதிகாரி. திட்டம் தப்பித்தது.

வீடு திரும்ப, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து நான் வாய் மூடவில்லை. காவிரிப் பாலம் வந்தபோதுதான் கவனித்தேன், அவர் முகம் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தது. களைப்பு என்று நானே முடிவு கட்டப் போனேன். பிறகு, கணினிக்குச் சொல்லிக்கொடுத்ததை நானும் செய்து பார்ப்போமே என்று கேட்டேன்.

“நெஜமாச் சொல்லுங்கோ. சனிக்கிழமை கோவமா இருந்தேளா?”

அவர் ஆற்றைப் பார்த்தபடியே சொன்னார். “இருந்தது. நீ சண்டைதான் போட்டே, கேக்கவே இல்லையே.”