ஒரு மதகு, ஒரு கைப்பிடி, ஒரு தலைவர்

வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வேலையில் தண்ணீர் வந்தால் ஒரு திட்டு, வராவிட்டால் இரண்டு திட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். நாலு பேருக்கு நடுவில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டே பென்ஷன் வரை வந்தவர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எழுபது தாண்டிவிட்டதால், தலைமைப் பண்பு பற்றிப் பேசச் சொல்லி என்னை விழாக்களுக்குக் கூப்பிடுகிறார்கள். நான் கட்டி ஆண்டது ஒரே ஒரு மதகுதான்.

காக்கிச் சட்டை

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு கிளை வாய்க்காலில் என்னைப் போட்டார்கள். நில உச்சவரம்பு, கூலி உயர்வு, குத்தகைப் பதிவு என்று ஊரே இரண்டாகப் பிரிந்து முறைத்துக்கொண்டிருந்த காலம். தலைமடையில் பெரிய பண்ணை. கடைமடையில் அஞ்சலை அக்காவின் குத்தகை நிலம், மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். ஆற்றில் தண்ணீர் குறைவு என்பதால் முறை வைத்தார்கள்: மூன்று நாள் பண்ணைக்கு, அடுத்த மூன்று நாள் பண்ணை மதகை அடைத்துவிட்டுக் கடைமடைக்கு. பயிர் காய்ந்தால் அக்காவால் குத்தகை நெல் அளக்க முடியாது. அதையே சாக்காக வைத்து அவளைக் குத்தகையிலிருந்து இறக்கிவிட நிலத்துக்காரர் காத்திருந்தார்.

நானோ புதுக் காக்கிச் சட்டையில் கரைமேல் நின்று, "என் உத்தரவு இல்லாம ஒரு சொட்டு அசையாது!" என்று முழங்கினேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சட்டை நல்லா இருக்கு தம்பி. தண்ணி எங்கங்க?"

சீர்காழிக் கல்யாணம்

அடுத்து, யாரையும் நம்பக்கூடாது என்று முடிவு கட்டினேன். பண்ணை மதகின் ஷட்டரைத் திருகும் இரும்புக் கைப்பிடியைக் கழற்றி என்னோடேயே வைத்துக்கொண்டேன். சீர்காழியில் மைத்துனன் கல்யாணம். அதற்கும் பையில் போட்டுக்கொண்டு போனேன். பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கும்போதுதான் சுருக்கென்றது. அன்று காலையே முறை மாறியிருக்க வேண்டும்! பண்ணை மதகு திறந்தபடி கிடக்கிறது. அடைக்க வேண்டிய கைப்பிடி என் காலடியில் கிடக்கிறது.

பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கடைமடை வயல் வெடிக்கத் தொடங்கியிருந்தது. வெட்கத்தோடு ஓடிப்போய் மதகை அடைத்தேன். அக்கா கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னாள். "நீங்க பந்தியில உக்காந்த நேரம், என் பயிரு பட்டினிங்க."

நாற்காலியும் குடையும்

மிச்ச இரண்டு நாள் தண்ணீரில் பயிர் எப்படியோ உயிர் பிழைத்தது. அடுத்த முறையும் தவறினால் அவ்வளவுதான். பண்ணைக்காரருக்குத் தண்ணீர் ஆசை அதிகம். அதைவிட அதிகம் கௌரவம். அக்காவின் முறை தொடங்கும் நாள் காலையில் பண்ணை மதகை அடைத்தேன். கைப்பிடியை எடுத்துப்போய், டீக்கடையில் கூலி உயர்வு கேட்கும் சங்கத்து ஆட்கள் உட்பட ஊரே பார்க்க அவர் கையிலேயே கொடுத்தேன். "ஐயா, மூணு நாளைக்கு யாரும் மதகைத் தொடாமப் பாத்துக்க உங்களை விட்டா யாரு இருக்கா?" கடையே சிரித்தது. எனக்கோ பயம். அக்கா நிலமும் போய், என் வேலையும் போய்விட்டால்?

மனுஷன் மதகடியில் நாற்காலி போட்டுக் குடையோடு உட்கார்ந்துவிட்டார். நான் வாய்க்காலில் அடைப்பு ஏதும் விழாமல் கடைமடை வரை நடையாய் நடந்தேன். இரண்டாம் நாள் பண்ணை வேலைகளைக் கவனிக்கும் அவருடைய காரியக்காரரே வந்து, "கொஞ்சமாத் திறந்துக்கலாமுங்களா?" என்று தலையைச் சொறிந்தாராம், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனாராம். மூன்றாம் நாள் அக்கா வயலில் தண்ணீர் தளும்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைப்பிடியைத் திருப்பித் தந்த பண்ணைக்காரர் முறைத்தார். "யோவ் லஸ்கர், எனக்கு என்னையே காவல் போட்டுட்டியேய்யா!"

எதிர்க்கரை

அந்தப் போகம் விளைந்தது. அக்கா நிலத்திலேயே நிலைத்தாள். பல வருஷம் கழித்து நான் ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தினார்கள். மைக் கைக்கு வந்தால் விடுவேனா? மனிதனை நம்பினால் அவன் உயர்வான் என்று இந்தக் கதையை அரைமணி நேரம் அளந்தேன். கைதட்டல் பிரமாதம். முன் வரிசையில் அஞ்சலை அக்கா மட்டும் தட்டவில்லை. இறங்கிப் போய், "என்னக்கா?" என்றேன். "நீங்க அவரை நம்புனீங்க தம்பி, சரி. மூணு நாளும் எதிர்க்கரையில மம்பட்டியோட அவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தது யாருங்க?"

அதனால் இப்போதெல்லாம் யாராவது என்னைத் தலைவர் என்றால், மாலைக்குக் கழுத்தை நீட்டும் முன் எதிர்க்கரையை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.