ஜெபமாலையில் பத்து நதிகள்

பாடத்தில் மொத்தம் பத்து நதிகள். எல்லாம் பிரான்சு தேசத்து நதிகள். அவை எந்தத் திசையில் ஓடுகின்றன என்று எலிசாவுக்குத் தெரியாது. அவள் கண்ட ஆறு வில்லியனூர்ச் சங்கராபரணி ஒன்றுதான். கோவில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை தமிழ் படித்தவள். ஆனாலும் மகள் அன்னாமேரி பிரெஞ்சுப் பாடம் ஒப்பிக்க உட்கார்ந்தால், எலிசாவை ஏமாற்ற முடியாது. மல்லாட்டைக் கடலை உடைப்பதை நிறுத்திவிட்டு, மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஜெபமாலையைக் கையில் எடுப்பாள். ஒரு நதிக்கு ஒரு மணி. பத்தும் தள்ளிப் பெரிய மணி வந்தால் பாடம் சரி.

"ஒண்ணு குறையுது. மறுபடி சொல்லு."

"எதும்மா வுட்டேன்?"

"எனக்கு இன்னாடி தெரியும்? மணி குறையுது, அவ்ளோதான்."

ஆலை வேலை முடிந்து வந்த அவள் புருஷன் மரியதாஸ் சிரிப்பான். "மாதா தலையில அடிச்சிக்கப் போறாங்க. பிரான்சு தேசத்து ஆறெல்லாம் உன் ஜெபமாலையில ஓடுது."

"சிரிங்க, சிரிங்க. உங்க அக்கா மவனுக்குக் கட்டிக் குடுத்துட்டு அப்புறம் அழுவலாம்."

அந்தப் பேச்சு வந்தால் மரியதாஸின் சிரிப்பு நின்றுவிடும். மதகடிப்பட்டில் இருக்கும் அவன் அக்காள் மகன் செபாஸ்டின் பெண்சாதியைப் பறிகொடுத்தவன். இரண்டு பிள்ளைகள். வருகிற தையில் அன்னாமேரியைத் தருவதாக மரியதாஸ் வாக்குக் கொடுத்திருந்தான். எலிசா ஒரு மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து ஒன்றைச் சாதித்தாள். பட்டணத்துக் கன்னியர் பள்ளியில் கடைசிப் பரீட்சை. அதில் முதல் மூன்று பேரைக் கன்னியர்களே பள்ளிச் சம்பளம் வாங்காமல் விடுதியில் வைத்து உபாத்திச்சி வேலைக்குப் படிக்க வைப்பார்கள். அந்த மூன்றில் ஒருத்தியாக வந்தால் கல்யாணம் இல்லை. வராவிட்டால் எலிசா வாயைத் திறக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரியூரிலிருந்து கஸ்தூரியும் வருவாள். அன்னாமேரியின் வகுப்புக்காரி. "அத்தே, எனக்கும் மணி பிடிங்க" என்று சம்மணம் போட்டு உட்காருவாள். கடகடவென்று ஒப்பித்துவிட்டு அன்னாமேரியைப் பார்த்து நாக்கைத் துருத்துவாள். அன்னாமேரி எப்போதும் தடுமாறுவது ஒன்பதாவது நதியில்.

வாய்ப் பரீட்சையிலும் அந்த ஒன்பதாவதுதான் காலை வாரியது. பள்ளிக் கதவில் ஒட்டிய பட்டியலில் கஸ்தூரி மூன்றாவது, அன்னாமேரி நாலாவது. எலிசா தலைமைக் கன்னியாஸ்திரீயின் காலில் விழாத குறை.

"அழாதேம்மா. சேரப் பதினஞ்சு நாள் தவணை இருக்கு. மூணு பேர்ல யாராவது வராமப் போனா உன் பொண்ணுதான்" என்றார் அவர்.

அன்று மாலையே எலிசா வில்லியனூர் மாதா கோவிலில் ஒன்பது நாள் ஜெபமான நவநாள் தொடங்கினாள். "தாயே, மூணு பேர்ல ஒருத்தியைப் போவாமப் பண்ணு." எந்த ஒருத்தி என்று சொல்லவில்லை. எப்படிப் போகாமல் பண்ண வேண்டும் என்றும் சொல்லவில்லை. அதை நினைக்கவே இல்லை.

ஆறாம் நாள் சேதி வந்தது. கஸ்தூரிக்குப் பெரியம்மை.

நவநாளை நடுவில் நிறுத்தினால் மாதாவுக்குச் செய்யும் அவமரியாதை. முடித்தால் அந்தப் பெண்ணின் உயிர். ஏழாம் நாள் காலையில் எலிசா அரியூருக்கு நடந்தாள். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. கஸ்தூரியின் தாய் கலியம்மாள் தலையை வாராமல் வெளியே வந்து நின்றாள்.

"உள்ள வராதீங்க, அன்னாமேரி அம்மா. கண்ணுலயும் முத்து போட்டிருக்கு. எங்க மாரியாத்தாளைக் கேட்டுட்டேன். உங்க மாதாவையும் கொஞ்சம் கேளுங்களேன். நீங்க கேட்டாக் குடுப்பாங்கன்னு கஸ்தூரி எப்பவும் சொல்லும்."

எலிசா தலையை ஆட்டினாள்.

அன்றும் மறுநாளும் மாதாவின் முன்னால் முழங்காலில் நின்று கஸ்தூரியின் உயிரைக் கேட்டாள். உதடுதான் கேட்டது. உள்ளே வேறொருத்தி உட்கார்ந்து, தவணைக்கு எட்டு நாள், ஏழு நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் அந்த உள்ளே இருந்தவளை அடக்க வேறு வழி தெரியாமல் ஒரு பொருத்தனை செய்தாள். "அது பொழைக்கட்டும், தாயே. பொழைச்சா எம் பொண்ணுக்கு அந்த எடம் வாணாம்."

கஸ்தூரி பிழைத்தாள். இரண்டு கண்ணிலும் பூ விழுந்துவிட்டது.

தவணை முடிந்த மறுநாள் கன்னியர் மடத்திலிருந்து கடிதம் வந்தது. அன்னாமேரி அதைப் படித்துவிட்டுத் தாயைக் கட்டிக்கொண்டாள். பிறகு கஸ்தூரியை நினைத்து அழுதாள். அழுதுகொண்டே மறுபடியும் கடிதத்தைப் படித்தாள்.

"சரி, போவட்டும். அக்காகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான் மரியதாஸ்.

வேண்டாம் என்று எலிசா சொல்லியிருக்க வேண்டும். மதகடிப்பட்டு வீடும், தாயில்லாத இரண்டு பிள்ளைகளும், அவர்கள் நடுவே பதினாறு வயசு அன்னாமேரியும் கண் முன்னால் வந்து நின்றார்கள். எலிசா மகளின் தாவணிகளை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தாள்.

கோவில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். மாதா யாருக்கும் கேடு செய்யமாட்டாள் என்று சொல்லி, சாமியார் மூன்று ஜெபமாலை அபராதம் கொடுத்தார். மணியைத் தொட்டால் அருள் நிறைந்த மந்திரம் வரவில்லை. நதிதான் வந்தது.

சாமியாரிடம் சொன்னது போதாது, கலியம்மாளிடம் சொல்லாமல் தீராது என்று அடுத்த சனிக்கிழமை அரியூருக்குப் போனாள். கலியம்மாள் ஓடி வந்து அவள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உங்க மாதா புண்ணியத்துல உசுரு நின்னுச்சு, தாயீ."

எலிசா சொல்ல வந்ததை விட்டுவிட்டு வாசற்படி ஏறினாள். உள்ளே பாயில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அத்தே, அன்னா போயிட்டாளா?"

"போயிட்டாம்மா."

"மணி கொண்டாந்திருக்கீங்களா? பிடிங்க. மறந்துடுச்சான்னு பாக்கணும்."

எலிசா ஜெபமாலையை எடுத்தாள். கஸ்தூரி தொடங்கினாள். முதல் மணி, இரண்டாவது, மூன்றாவது. எங்காவது நின்றுவிடக் கூடாதா என்று எலிசா தவித்தாள். எட்டு. ஒன்பது, தடுமாறவே இல்லை. பத்து. விரலில் பெரிய மணி வந்து நின்றது.

"சரியா, அத்தே? ஒண்ணும் வுடலையே?"

"வுடலை."

"மறுபடி சொல்லட்டா?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் முதல் நதியிலிருந்து தொடங்கிவிட்டாள். எலிசாவின் விரல் முதல் மணிக்குத் திரும்பியது.