புதன்கிழமைச் சங்கு

அணைக்கட்டில் அவருக்குப் பெயர் சங்கு. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மதகைத் திறப்பதற்கு முன்னால் ஆற்றில் இருக்கிறவர்களை எச்சரிக்கும் சைரன் அவர் பொறுப்பு. சைரனை அந்தப் பக்கத்தில் சங்கு என்பார்கள். ஊதுகிறவரும் அப்படியே சங்கு ஆகிவிட்டார், இருபத்தாறு வருடமாக.

அந்த அணை நகரத்தின் குடிநீருக்காகக் கட்டியது. இரண்டு மலைக்கு நடுவே கான்கிரீட்டைக் கொட்டி ஆற்றை மறித்து, வந்த தண்ணீரையெல்லாம் ஆளுயரக் குழாயில் நகரத்துக்கு அனுப்பினார்கள். கீழே ஆற்றுக்கு மிஞ்சியது கசிவும் குட்டைகளும்தான். மதகைத் திறந்து ஆறு வருடம் ஆயிற்று. திறக்காத மதகுக்குச் சங்கு எதற்கு என்றெல்லாம் கேட்கக் கூடாது, அரசாங்க வேலை. புதன்கிழமை பதினோரு மணிக்குச் சோதனைக்காக ஒரு தரம் ஊதி, பதிவேட்டில் எழுதிவிட வேண்டும்.

"செவிடன் காதுல ஊதின சங்கு கேள்விப்பட்டிருக்கேன். இவரு ஆளே இல்லாத ஆத்துக்கு ஊதுறாரு" என்று கேன்டீனில் ஓட்டுவார்கள்.

"நான் ஊதலன்னா உங்க யாருக்கும் மணி பதினொண்ணே ஆகாதுடா" என்பார். அதுவும் பொய்யில்லை. கீழே ஊரில் புதன்கிழமைச் சங்கைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்துவார்கள்.

அவருக்கு ஒரே தம்பி. பேக்கரியில் இரவு வேலை பார்த்ததால் அவன் பெயர் பன்னு. அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பிக்குத் தலை வாரியது, பேக்கரியில் சேர்த்துவிட்டது, பெண் பார்த்தது எல்லாம் அண்ணன்தான். பன்னுவுக்கு நாற்பத்தைந்து வயதாகியும் அண்ணன் கண்ணுக்கு அவன் இன்னும் மூக்கொழுகியாகத்தான் தெரிந்தான். அவனும் அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவன்.

புதன்கிழமை பன்னுவுக்கு விடுமுறை. அணைக்குக் கீழே முக்கால் கிலோமீட்டரில், ஆற்றின் நடுவே ஒரு தட்டைப் பாறை இருந்தது. கரையிலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்து போய், தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பான். ஃபோனைக் கரையில் பைக் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவான். ஒரு தரம் தண்ணீரில் போட்டுப் பட்டவன். பதினோரு மணிக்குச் சங்கு ஊதியதும் எழுந்து நின்று, அணையைப் பார்த்துத் துண்டை ஆட்டுவான். மேலே சங்கறை வாசலில் அண்ணன் கையை ஆட்டுவார். பத்து வருடப் பழக்கம். அந்த வாரத்திலேயே அவருக்குப் பிடித்த நிமிடம் அதுதான், வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்.

சைரனின் பழைய மோட்டார் புகைந்துபோய்ப் புது மோட்டார் வந்தது. அதை மாட்டிய மெக்கானிக்குகளுக்கு லேசில் திருப்தி வரவில்லை. ஒரு மாதமாகப் புதன்கிழமை தோறும் மூன்று தரம், நான்கு தரம் ஊத வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் சாப்பிடும்போது பேச்சு வந்தது.

"என்னண்ணே, உன் சங்கு இப்பல்லாம் விடாம கத்துது?"

"புது மோட்டார்டா, ஊதி ஊதிப் பாக்குறானுங்க. நீ பாட்டுக்கு மீனைப் பிடி, கண்டுக்காதே."

தையல் மெஷினில் இருந்த தம்பி மனைவி சிரித்தாள். "இவரு எதைத்தான் கண்டுக்கிறாரு, மாமா?"

அந்தப் புதன்கிழமை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. மழையெல்லாம் எண்பது கிலோமீட்டர் தள்ளி, ஆறு பிறக்கும் மலையில் கொட்டியிருந்தது. பதினொன்றாகப் பத்து நிமிடம் இருக்கும்போது நகரத்துக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு வந்தது. நீர்மட்டம் கிடுகிடுவென்று ஏறுகிறது, பதினொன்று பத்துக்கு மூன்று மதகையும் தூக்க வேண்டும். விதிப்படி அதற்கு முன்னால் ஐந்து ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று சங்கு.

பதினோரு மணிக்கு முதல் சங்கை ஊதினார். பாறையில் பன்னு எழுந்து துண்டை ஆட்டினான். பழக்கதோஷம், அவர் கையும் உயர்ந்து ஆடியது. ஆடிக்கொண்டிருக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை சொன்னது நினைவுக்கு வந்தது.

ஃபோன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு கையையும் வீசி, கரைக்குப் போ, கரைக்குப் போ என்று காட்டினார். அவ்வளவு தூரத்திலிருந்து என்ன தெரியும்? அண்ணன் இன்றைக்கு உற்சாகமாக இருக்கிறார் என்று பன்னு நினைத்திருக்க வேண்டும். அவனும் இரண்டு கையையும் ஆட்டினான். பிறகு குனிந்து எதையோ தூக்கிக் காட்டினான், மீனாக இருக்கும்.

பொறியாளரிடம் ஓடினார். "சார், ஒரு பத்து நிமிஷம் பொறுங்க. என் தம்பி பாறையில நிக்கிறான்."

"அதான் சங்கு ஊதுறீங்களே, போயிடுவாரு."

"போகமாட்டான் சார். நான்தான் கண்டுக்காதேன்னு சொல்லி வச்சிருக்கேன்."

பொறியாளர் கெட்டவர் இல்லை. காவலாளியைப் பைக்கில் விரட்டினார். ஆனால் பாதை மலையைச் சுற்றி நான்கு கிலோமீட்டர். நகரத்துக்கும் பேசிப் பார்த்து, ஃபோனைக் கீழே வைத்தார். "மட்டம் தாண்டினா அணைக்கே ஆபத்துங்கறாங்க. எனக்கு மேலயும் ஆள் இருக்காங்கண்ணே."

இரண்டாவது சங்கு. பன்னு மறுபடியும் துண்டை ஆட்டினான்.

மூன்றாவதை ஊதாமல் விட்டால் என்ன என்று தோன்றியது. மதகு அதற்காக நிற்காது, ஆற்றில் வேறு யாரும் இருக்கலாம். அமுக்கினார். அமுக்கிய விரலை எடுக்காமல் தம்பி பெயரைச் சொல்லிக் கத்தினார். அவர் ஊதிய சங்கில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. பன்னு அணைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மறுபடியும் தூண்டிலை வீசினான். நுணல் தன் வாயால் தான்தான் கெடும் என்பார்கள். இவர் வாயால் தம்பி போனான்.

மதகு ஏறியது. நான்கு நிமிடத்தில் பாறை இருந்த இடம் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து நகரத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். பொறியாளர் அறையில் அதிகாரிக்கு எதிரே சங்கும் தம்பி மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"மூணு தரம் ஊதினீங்க. நேரமெல்லாம் சரியா இருக்கு. உங்க மேல தப்பு எதுவும் இல்ல."

"என் மேலதான் சார் தப்பு. நான்தான் அவனைக் கண்டுக்காதேன்னு சொன்னேன்."

"வீட்டுல சாப்பிடும்போது பேசினதை எல்லாம் நான் எழுத முடியாதுங்க." அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். "ஒரே ஒரு விஷயம். சைரன் சத்தம் இறந்தவர் காதுல விழுந்துச்சான்னு தெரியணும். கேட்டும் போகலன்னா அது அவரோட அலட்சியம். சைரன் ஊதினதும் எழுந்து கையாட்டினாருன்னு உங்க பொறியாளரே எழுதிக் கொடுத்திருக்காரு. சரிதானே?"

"அது சைரனுக்கு இல்ல சார். எனக்கு ஆட்டினான்."

"ஆக, கேட்டிருக்காரு" என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

சங்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பேனாவை மூடியாகிவிட்டது.

வெளியே படிக்கட்டில் தம்பி மனைவி நின்றாள். "நீங்க பதிலுக்குக் கையாட்டினீங்களா, மாமா?"

"ஆட்டினேம்மா."

"அதுக்குத்தான் வாராவாரம் அந்தப் பாறைக்குப் போவாரு" என்றாள். "எங்க வீட்டுல யாரும் மீன் தொடறதில்ல மாமா. பிடிச்சதைத் திரும்ப ஆத்துலயே விட்டுட்டு வந்துடுவாரு."

அது அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.