சாச்சா ஏறாத ரயில்

தஞ்சாவூர் ஜங்ஷனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எங்கள் பெரியத்தாவை, அதாவது அத்தாவின், எங்கள் அப்பாவின், அண்ணனை, நிறுத்த முடியாது. வெள்ளைக்காரன் நாகப்பட்டினத்திலிருந்து தண்டவாளம் போட்டுக்கொண்டு வந்த காலத்து ஸ்டேஷனாம். நெல் மூட்டையும் நாகூர் கந்தூரிக்குப் போகிற கூட்டமும் இங்கே நின்றுதான் போகுமாம். கேட்கிறவர் கொட்டாவி விட்டாலும் அவருக்குக் கவலையில்லை.

அத்தாவின் தம்பி, எங்கள் சாச்சா, துபாய்க்குப் புறப்பட்ட அன்றும் அவர்தான் தலைமை. சாச்சாவுக்குக் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் சென்னையில் விமானம். அதை விட்டால் விசா போச்சு, வேலை போச்சு என்று வீடே பயந்து கிடந்தது. பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வேனில் அடைந்துகொண்டு வழியனுப்பப் போனோம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பயணம் போகிறவர் முதலில் ஏறக்கூடாது. பெரியவர்கள் ஏறி, சீட்டைப் பார்த்து, பெட்டியை அடியில் தள்ளி, துஆ ஓதிவிட்டுக் கூப்பிட்ட பிறகுதான் அவர் ஏற வேண்டும். பகல் எக்ஸ்பிரஸ் வந்ததும் மொத்தக் குடும்பமும் திமுதிமுவென்று ஏறியது. வாசலை ஒட்டிய ஜன்னலை நான் பிடித்துக்கொண்டேன். கீழே நின்றது சாச்சாவும், பெரியவர்களோடு முண்டியடிக்கக் கூச்சப்பட்ட புதுப்பெண் சாச்சியும்தான்.

அத்தா அவசரப்படுத்தினார். பெரியத்தா அசைந்து கொடுக்கவில்லை.

"தஞ்சாவூர்ல இன்ஜினுக்குத் தண்ணி புடிப்பான். பத்து நிமிஷம் நிக்கும். நிதானமா ஓதுங்க."

தண்ணீர் பிடிக்கிற இன்ஜினெல்லாம் நான் பிறப்பதற்கு முன்பே காயலான் கடைக்குப் போய்விட்டது. எல்லோரும் கையேந்தி நிற்கும்போதே வண்டி நகர்ந்தது.

அம்மா போட்ட அலறல் இன்னும் காதில் இருக்கிறது. போக வேண்டியவர் வெளியே, வழியனுப்ப வந்தவர்கள் உள்ளே. செயினை இழுத்தால் போலீஸ் பிடிக்கும் என்று பெரியத்தா அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு பார்த்தேன். வண்டி மாட்டுவண்டி வேகத்தில்தான் போனது. சாச்சா வாசல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தார். ஒரு எட்டு வைத்தால் உள்ளே வந்துவிடலாம். ஓடி வரச் சொல்லி நான் கத்தினேன். அவர் திரும்பி சாச்சியைப் பார்த்தார். கம்பியை விட்டுவிட்டார்.

பிறகு போனையும் எடுக்கவில்லை. சக்கரத்தில் விழுந்துவிட்டாரோ என்று பெண்கள் அழுதார்கள். சும்மா நின்றுகொண்டுதான் இருந்தார் என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. பாபநாசத்தில் இறங்கி, சாச்சாவின் பெட்டிகளை நாங்கள் சுமந்துகொண்டு, கிடைத்த பாசஞ்சரில் திரும்பினோம்.

தஞ்சாவூரில் இறங்கியதும் இரண்டாவது அதிர்ச்சி. பிளாட்பார பெஞ்சில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். சாச்சி சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் யார் முன்னாலும் உட்காராத, குரலே கேட்காத சாச்சி, முக்காடு நழுவியது தெரியாமல் சிரித்தார். எங்களைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து ஒதுங்கிக்கொண்டார்.

"ஏன்டா ஓடி வந்து ஏறல?" என்றார் பெரியத்தா.

"பத்து நிமிஷம் நிக்கும்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க."

உடனே கார் பிடித்து, ஸ்டேஷன் வாசலிலிருந்தே சாச்சாவைச் சென்னைக்கு அனுப்பினார்கள். விமானத்தைப் பிடித்துவிட்டார். அவர் திரும்பி வந்தபோது நான் பெரிய வகுப்புக்குப் போய்விட்டேன்.

அன்று வேனில் ஊர் திரும்பும்போது சாச்சி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு ஆறவில்லை. இத்தனை பேரை இப்படிக் கதிகலங்க வைத்து, கடைசியில் போகத்தானே போனார், சாச்சா கொஞ்சம் ஓடியிருக்கலாமே என்று கேட்டேன். சாச்சி என்னை இறுக்கி அணைத்துக்கொண்டார். எங்கள் சாச்சாவுக்கு ஓடத் தெரியாது என்று மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்தேன்.