ஆகஸ்ட் பதினாறும் நர்ஸம்மாவின் சீட்டும்

"வீட்டுக்காரர் கேட்கும் தொகை சேரும் நாளில் விற்பேன். அதற்கு மேல் ஒரு நாளும் காத்திருக்க மாட்டேன்." கோடுபோட்ட நோட்டிலிருந்து கிழித்த அரைத் தாளில், நீல மையில், சாய்வே இல்லாத நேரான எழுத்தில் இப்படி இருக்கிறது. கீழே கையெழுத்து உண்டு; தேதி இல்லை. பின்பக்கம் பென்சிலில் 41 என்று ஓர் எண், அதைச் சுற்றி ஒரு வட்டம். என் கோப்பில் இருக்கும் தாள்களில் தேதி இல்லாதது இது ஒன்றுதான். காரைக்கால் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில், பழைய ஆட்கள் இன்னமும் எத்தா சிவில் என்று சொல்லும் அந்த அறையில், பணிக்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தவன் நான். தேதியில்லாத தாள் எனக்குச் சோற்றில் அகப்பட்ட கல். ஆனாலும் இதைத் தூக்கிப்போட மனம் வந்ததில்லை.

எழுதியவரை நாங்கள் நர்ஸம்மா என்றே அழைப்போம். அரசு மருத்துவமனையில் தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாற்றல் வந்தபோதெல்லாம் மாஹேக்கும் ஏனாமுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பியவர். 'நாங்கள்' என்றால் நான், அவர், திருமலைராயன்பட்டினத்திலிருந்து வந்து காரைக்காலில் இரும்புக்கடை நடத்தும் பாய், ஆக மூன்று பேர். மூவரும் பங்குச் சந்தையில் சொந்தப் பணத்தைச் சிறுகச் சிறுகப் போட்டவர்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாயின் கடையில், கம்பிக் கட்டுகளுக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் கூடுவோம். சனிக்கிழமை சந்தை கிடையாது என்பதால்தான் அந்த நாள். திறந்திருக்கும் நேரத்தில் பேசினால் பேச்சு முடிவதற்குள் யாராவது பதறி எதையாவது விற்றுவிடுவார்கள்.

மூவரிடமும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு கம்பெனியின் பங்கு. சென்னையில் தலைமையகம் வைத்து, தமிழ்நாட்டின் பெரிய ஊர்களில் அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்கும் கம்பெனி. சிமெண்டும் கம்பியும் விற்பவனுக்குத் தெரியாத கட்டடக் கம்பெனியா என்று பாய் சொல்லித்தான் நர்ஸம்மா ஓய்வுப் பணத்தில் பெரும் பகுதியை அதில் போட்டார். பிறகு பெருந்தொற்று வந்தது. கட்டட வேலைகள் நின்றன, ஆட்கள் ஊர் திரும்பினார்கள், பங்கின் விலை போட்டதில் கால்வாசிக்கும் கீழே போனது. அந்த நாட்களில் பாய் நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். தேநீர் கிளாஸைப் பார்த்தே பேசுவார். பின்னர் மெதுவாக, காய்ச்சல் விட்டவர் கஞ்சி குடிப்பதுபோல, விலை ஏறத் தொடங்கியது. வாங்கிய விலையை மறுபடி தொட்டபோதுதான் எங்கள் சண்டையும் தொடங்கியது. எப்போது விற்பது?

பாயின் கட்சி எளிமையானது. "போட்டது வந்துருச்சுல்ல, எடுத்துட்டு எழுந்திரிக்கணும்ங்க. இது ஒரு தடவ நம்மள உருட்டுன கம்பெனி." நான் கம்பெனியின் ஆண்டறிக்கைகளை வரிசையாக அடுக்கி வைத்து, இன்னும் இரண்டு காலாண்டு பார்க்கலாம் என்பேன். அடுத்த வாரம் இருவரும் கட்சி மாறியிருப்போம். இந்தக் கூத்தைப் பார்த்துச் சலித்த நர்ஸம்மா ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். எப்போது விற்பேன் என்று ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் எழுத வேண்டும். மற்ற இருவர் முன்னால் படித்துக்காட்டிவிட்டுத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். விற்ற பிறகு சீட்டை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். மேலே சொன்ன சீட்டு அப்படி எழுதியதுதான்.

அவருடைய காரணம் எங்களுக்குத் தெரியும். மாதாகோயில் பக்கத்துத் தெருவில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் பிரான்ஸில் இருக்கிறார். வீட்டை விற்கப்போவதாகவும், பொங்கல் வரை நர்ஸம்மாவுக்காகக் காத்திருப்பதாகவும், அதன்பின் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகவும் போனில் சொல்லியிருந்தார். அவர் கேட்ட தொகை, வாங்கிய விலைக்கு விற்றால் வராது. இன்னும் ஏற வேண்டும். ஏறாமல் விழுந்தால் வீடும் இல்லை, ஓய்வுப் பணமும் இல்லை. "இன்னொரு தடவ பெட்டி கட்ட எனக்குத் தெம்பு இல்ல சார்" என்று அவர் ஒருமுறை சொன்னார். அவர் அலுத்துக்கொண்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அறிக்கையை நம்பாமல் நேரில் போய்ப் பார்க்கலாம் என்பது பாயின் யோசனை. திருச்சிக்கு வெளியே அந்தக் கம்பெனி கட்டி முடித்த பெரிய குடியிருப்பு ஒன்று இருந்தது. எல்லா வீடும் விற்றுவிட்டதாகக் கம்பெனி சொன்னது. ஆட்கள் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில் போனால் உண்மை தெரிந்துவிடும். ஞாயிறு என்றால் நர்ஸம்மாவுக்கு மாதாகோயிலில் பூசை. ஆகஸ்ட் பதினைந்து என்றால் பாய் தெருவில் கொடியேற்ற வேண்டும். நாள் குறிக்கும் வேலை இயல்பாகவே என்னிடம் வந்தது. ஆகஸ்ட் 16, புதன்கிழமை, அரசு விடுமுறை என்று குறித்தேன்.

காலை ஐந்தரைக்குப் பாயின் காரில் கிளம்பினோம். தஞ்சாவூரைத் தாண்டியதும் ஒரு பள்ளிக்கூட வேன் வழிவிடாமல் வெகுதூரம் எங்கள் முன்னாலேயே போனது. பாய் அதைத் திட்டிக்கொண்டே ஓட்டினார். பத்தரைக்குக் குடியிருப்பில் இறங்கினோம். வீடு வாங்க வந்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனோம். வண்டி நிறுத்துமிடத்தில் தூசி படிந்த ஒரு காரும் நாலைந்து ஸ்கூட்டர்களும் நின்றன. மாடிகளில் ஒரு தலை தெரியவில்லை. நானும் பாயும் லிஃப்டில் ஏறி மேல்மாடியைப் பார்த்தோம். கதவுகள் எல்லாம் பூட்டு. லிஃப்ட் பிடிக்காது என்று நர்ஸம்மா படியில் ஏறிப்போனார். நாங்கள் கீழே வந்து நின்று வெகுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார்.

"எல்லாரும் வெளிய போயிருக்காங்க சார்" என்றார் காவலாளி.

பாய் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "அப்படிச் சொல்லச் சொல்லிக் குடுத்துருக்கானுவ. லீவு நாள்ல ஊர் பூரா எங்க போவும்? அத்தனையும் காலி வீடுங்க."

வேப்பமர நிழலில் நின்று போனை எடுத்தார். கையில் இருந்ததையெல்லாம் அங்கேயே விற்றார். நானும் பாதியை விற்றேன். நர்ஸம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு, "கதவுக்குக் கதவு பால் பை தொங்குது பாய்" என்றார்.

"காலிப் பைதானே நர்ஸம்மா? பால் இருந்துச்சா?"

அவர் பாட்டிலை மூடிவிட்டுக் காரை நோக்கி நடந்தார். திரும்பும் வழி முழுக்கப் பாய் அவரை விற்கச் சொல்லிக் கெஞ்சினார். சந்தை மூடும் மூன்றரைக்குள் விற்றால்தான் உண்டு என்றார். தன் பேச்சைக் கேட்டு ஒருமுறை அவர் பட்டது போதும் என்ற பயம் அந்தக் குரலில் இருந்தது. மூன்றரை மணிக்கு நாங்கள் நெடுங்காட்டு வயல்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தோம். நர்ஸம்மா பையை மடியில் வைத்தபடி தூங்கியிருந்தார்.

மறுநாள் காலை நாட்குறிப்பில் முந்தைய நாளை எழுத உட்கார்ந்தேன். தேதி, கிழமை, அதன் பக்கத்தில் 'விடுமுறை' என்று எழுதியதும் பேனா நின்றது. யாருக்கு விடுமுறை? பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து நம் ஊர்கள் சட்டப்படி கைமாறிய நாள் ஆகஸ்ட் 16. புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட நமக்குத்தான் அது விடுமுறை. திருச்சிக்கு அது சாதாரணப் புதன்கிழமை. அந்தக் குடியிருப்பின் ஆட்கள் அலுவலகத்திலும், பிள்ளைகள் வகுப்பிலும் இருந்திருக்கிறார்கள். வழிவிடாத பள்ளி வேன் அப்போதுதான் என் கண்முன்னால் மறுபடி ஓடியது. சந்தை திறந்திருந்ததுகூட எங்களை உசுப்பவில்லை. நம் உள்ளூர் விடுமுறைகளில் அது திறந்திருப்பது பழகிப்போன சங்கதி. ஆயுள் முழுவதும் தேதிகளோடு வாழ்ந்தவன் செய்த தவறு இது.

சனிக்கிழமை இதைச் சொன்னபோது பாய் தேநீர் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "காலண்டர் சார், நீங்க இனிமே பஞ்சாங்கம் மட்டும் பாருங்க" என்றார். நர்ஸம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

விலை நேராக ஏறிவிடவில்லை. புரட்டாசியில் சரிந்தது, பாய், "அப்பவே சொன்னேன்" என்றார். ஐப்பசியில் எழுந்தது, பாய் வேறு பேச்சுப் பேசினார். பொங்கல் நெருங்க நெருங்க எனக்குத்தான் தூக்கம் கெட்டது. நர்ஸம்மா சனிக்கிழமைதோறும் வந்து, தேநீர் குடித்து, எங்கள் வாதங்களைக் கேட்டுவிட்டுப் போவார். மார்கழியில் ஒரு சனிக்கிழமை, கிறிஸ்துமஸுக்குச் செய்த கல்கல் டப்பாவோடு வந்தார். சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"செவ்வாக்கெழம வித்துட்டேன் சார். கணக்கு வந்துருச்சு."

பாய் பதறினார். "எங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? இது இன்னும் ஏறும்ங்க."

"ஏறட்டும் பாய். கேட்டுருந்தா ரெண்டு பேரும் ரெண்டு சொல்லிருப்பீங்க. அதுக்குள்ள பொங்கல் வந்துரும்."

"வீடு கட்டுற கம்பெனிய வித்துட்டுப் பழைய வீட்டப் போயி வாங்குறீங்களே" என்றார் பாய். ஆனால் அன்று அவர் நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசினார். பத்திரப் பதிவன்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களும் நாங்கள் இருவரும்தான். வெளிக்கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் பாயின் கடையிலிருந்து போனது, காசு வாங்கவில்லை.

பங்கு அதற்குப் பிறகும் ஏறியது. மிச்சப் பாதியை நான் அவசரமில்லாமல் விற்றேன். நர்ஸம்மா அதன் விலையை ஒருநாளும் விசாரித்ததில்லை. இப்போதும் சனிக்கிழமை வருகிறார், வேறு பங்குகளைப் பற்றிப் பேசுகிறோம். சில காலைகளில் அவர் தெரு வழியாக நடக்கும்போது அந்த வெளிக்கதவில் ஒரு துணிப்பை தொங்குவதைப் பார்க்கிறேன். பெரும்பாலும் காலியாக இருக்கும். உள்ளே பால் காய்ச்சும் வாசனை வரும்.

சீட்டின் பின்னால் உள்ள 41 மட்டும் தீரவில்லை. இரவுப்பணி முடிந்து பொறுப்பை ஒப்படைக்குமுன் வார்டில் கட்டில்களை எண்ணிப் பழகியவர், படியேறிய ஒவ்வொரு மாடியிலும் பால் பைகளை எண்ணி, அந்தத் தாளில்தான் குறித்திருப்பார் என்பது என் கட்சி. எண்ணவும் இல்லை ஒன்றும் இல்லை, பிடிவாதமும் அதிர்ஷ்டமும்தான் என்பது பாயின் கட்சி. நர்ஸம்மாவிடம் கேட்டால், "என்னத்துக்கு எழுதுனேனோ, யாருக்கு ஞாபகம்" என்று டப்பாவை நீட்டுகிறார். ஆகவே இதை இப்படியே பதிவு செய்கிறேன்: சீட்டு எழுதிய தேதி தெரியவில்லை, 41 என்பது பால் பைகளின் எண்ணிக்கைதானா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.