லீலாவதி ஓடிட்டா

கோலா சிலாங்கூர் வட்டாரத்தில், அசாம் ஜாவா பக்கத்து எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் லீலாவதி ஓட ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு மாடு. ஆரோக்கியம், அழகு, ஆயுசு என்று பெரிய காரணம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்து வீட்டு இராஜம்மாவின் மாடு ஒருநாள் விடியற்காலையில் கயிற்றை அறுத்துக்கொண்டு, லீலாவதியின் கீரைப்பாத்தியைத் துவம்சம் செய்துவிட்டு, மரங்களுக்குள் ஓடியது. லீலாவதி கையிலிருந்த துடைப்பத்தோடு அதைத் துரத்தினாள். கொஞ்ச தூரத்தில் மாடு அலுத்துப்போய் நின்றுவிட்டது. லீலாவதி நிற்கவில்லை. மாட்டைத் தாண்டி, செம்பனை வரிசைகளைத் தாண்டி, துடைப்பமும் கையுமாக ஆற்றங்கரை மேடு வரைக்கும் போய்த்தான் நின்றாள்.

நெஞ்சு படபடவென்று அடித்தது. கைலியெல்லாம் சேறு. ஆனாலும் மனசுக்குள் காரணம் தெரியாத ஒரு சந்தோஷம். திரும்பி நடந்து வரும்போதுதான் காரணம் பிடிபட்டது. அவ்வளவு நேரமும் அவளை யாருமே கூப்பிடவில்லை.

அவளுடைய நாளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வீட்டில் இரண்டு பிள்ளைகள், "அம்மா, சப்பாத்து எங்கம்மா?" வேலைக்காட்டில் கீழே சிதறிய உதிரிப் பழங்களைப் பொறுக்கினால், "லீலா, அந்த வரிசைய யாரு பாக்கறது?" சாயங்காலம் கோயிலில், "லீலா, மாவு கொஞ்சம் அரைச்சிக் கொடேன்." புருஷன் பாலகிருஷ்ணன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தான். அங்கேயே கூட்டாளிகளோடு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை பஸ் பிடித்து வருவான். வந்து இறங்குவதற்கு முன்பே, "லீலா, தண்ணி கொண்டா" என்ற குரல் வந்துவிடும். அந்தப் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே தேய்த்துவிட்டார்கள்.

மறுநாளும் ஓடினாள். இந்த முறை மாடு இல்லை, மகளின் பழைய பள்ளிக்கூடச் சப்பாத்து இருந்தது. யாரோ துரத்துகிற மாதிரி ஓடியதில் ஆடுசதை பிடித்துக்கொண்டது. அன்றைக்கு அவளால் குனியவே முடியவில்லை. குனியாமல் பழம் பொறுக்குகிற வித்தையை இன்னும் யாரும் கண்டுபிடிக்காததால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தங்கமணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "வயசான காலத்துல உனக்கு எதுக்குலா இந்த வேலை?" என்றார் அவர். அவளுக்கு வயசு முப்பத்து நாலு. மண்டோருக்கு ஐம்பத்திரண்டு.

ஓட்டத்தை விட மனசு வரவில்லை. ஆனால் நேரத்துக்கு எங்கே போவது? கடையில் விற்கிற சாமானா அது? கடைசியில் ஒரு வழி கண்டாள். காலையில் ஆளெண்ணும் பெரட்டுக்கு எப்படியும் போய்த்தான் ஆகவேண்டும். எல்லாரும் நேர் பாதையில் நடந்து போவார்கள். அவள் சமைத்து வைத்துவிட்டு, வேலைச் சப்பாத்தையும் சோற்றுப் பாத்திரத்தையும் பையில் போட்டு முதுகில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆற்றங்கரை மேட்டைச் சுற்றி ஓடிப் போனாள். நடந்தவர்களும் ஓடினவளும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். உரம் சுமக்கிற நாளில் ஓட்டம் கிடையாது, நடைதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதுவும் கிடையாது. விட்டுப்போன ஓட்டத்துக்காக மறுநாள் இரட்டிப்பாக ஓடுகிற பைத்தியக்காரத்தனமும் கிடையாது.

வேகம்தான் பிடிபடாமல் இருந்தது. அதற்கும் ஒருநாள் விடை கிடைத்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை பாலகிருஷ்ணன் ஈரத்துண்டை மெத்தைமேல் போட்டுவிட்டு ரவாங்குக்குப் போய்விட்டான். திங்கட்கிழமை அந்த எரிச்சலில், யாருமில்லாத காட்டில், அவனை வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஓடினாள். பெரட்டுக்கு வந்து சேர்ந்தபோது மேல்மூச்சும் இல்லை, கீழ்மூச்சும் இல்லை. உடம்பு அப்போதுதான் குளித்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அதுவே அவளுக்கு அளவு. திட்டு முழுசாக வந்தால் வேகம் சரி. நடுவில் அறுந்தால் வேகம் அதிகம். இராகம் போட்டுத் திட்ட முடிந்தால் சோம்பேறித்தனம், இன்னும் கொஞ்சம் எட்டிப் போடலாம்.

திட்டுவதற்குப் பாலகிருஷ்ணன் பஞ்சம் வைத்ததே இல்லை. குடையை ஊருக்கெல்லாம் இரவல் கொடுப்பான், திரும்ப வாங்கமாட்டான். கூரை ஒழுகுகிறது என்றால் அடுத்த மாசம் என்பான், எந்த வருஷத்து அடுத்த மாசம் என்று சொல்லமாட்டான். அவன் வாங்கி வந்த காற்றாடி அவன் படுக்கிற பக்கம் மட்டும்தான் திரும்பும். இதெல்லாம் விடியலில் மரங்களுக்கு நடுவே கணீரென்று ஒலித்தது. காட்டில் யாருமில்லை என்று அவள்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். முன்கூட்டியே வந்து குலை வெட்டுகிறவர்கள் சத்தம் போடாமல் கேட்டு ரசித்தார்கள். சனிக்கிழமை பாலகிருஷ்ணன் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்தால், பார்க்கிறவர்கள், "துண்டு காய்ஞ்சிருச்சா தம்பி?" என்று விசாரித்தார்கள். எந்தத் துண்டு என்று தெரியாமல் அவன் சிரித்து வைத்தான்.

இப்படி நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்ததைக் கெடுத்தது ஒரே ஒரு சொல்.

இராஜம்மா தன் தம்பி அழகேசனிடம் பேச்சுவாக்கில், "லீலாவதி தெனம் காலையில ஓடுறாடா" என்றாள். லோரி ஓட்டுகிற அழகேசன், ரவாங்கில் சரக்கு இறக்கும்போது தொழிற்சாலைக் காவற்காரர் வீரனிடம், "பாலகிருஷ்ணன் சம்சாரம் ஓடுதாம், சொல்லிருங்க" என்றான். வீரன் சுருக்கமாகப் பேசுகிற மனிதர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாலகிருஷ்ணன் தோளில் கைவைத்து, "மனச தேத்திக்க. உன் பொண்டாட்டி ஓடிட்டாளாம்" என்றார்.

பாலகிருஷ்ணன் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டான். "யாரு கூட?"

"தனியாத்தான்னு கேள்வி."

அதுதான் அவனை அதிகமாகச் சுட்டது. இன்னொருவனோடு போனாலாவது அவன் நம்மைவிட என்ன உசத்தி என்று சண்டை போடலாம். தனியாகப் போனாள் என்றால், யாருமே இல்லாமல் இருப்பது இவனோடு இருப்பதைவிட மேல் என்றல்லவா ஆகிறது? கூட்டாளியின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தான். வீடு பூட்டியிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். அவன் அழுவதைப் பார்த்த லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் ஏதோ சாவு என்று நினைத்துக்கொண்டு, கேட்பதற்கு முன்பே கூடச் சேர்ந்து அழுதார்கள்.

வேலை முடிந்து பையும் சேறுமாக வந்த லீலாவதி, தன் வீட்டு வாசலில் ஒப்பாரியைப் பார்த்ததும் பதறிப்போனாள். "ஐயோ, யாருங்க?"

பாலகிருஷ்ணன் நிமிர்ந்து பார்த்தான். "நீ... நீ ஓடலயா?"

"ஓடினேனே, காலையில. நாளைக்கும் ஓடுவேன். அதுக்கு எதுக்கு இத்தனை பேரு?"

சிரிப்பு எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை, லயம் முழுக்கப் பரவியது. பாலகிருஷ்ணனால் மட்டும் சிரிக்க முடியவில்லை. போன மானத்தை எங்கேயாவது பிடித்து நிறுத்தவேண்டுமே. வீட்டுக்குள் போனதும், "இனிமே ஓடற பேச்சே வேணாம்" என்றான்.

"எதுக்குங்க?"

"நடந்தா நடந்தான்னுதான் சொல்லுவாங்க. ஓடினா ஓடிட்டான்னுல்ல சொல்றாங்க!"

லீலாவதி சாதாரணமாக எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. எதிர்த்துப் பேச வேண்டியதையெல்லாம் காலையிலேயே மரங்களிடம் பேசித் தீர்த்துவிடுவாள். ஆனால் இன்றைக்கு விட்டால் நாளைக்கு அந்த மரங்களும் கிடையாது. ஒரு நாளில் அவளுடையது என்று இருந்தது அது ஒன்றுதான். "கோலா சிலாங்கூர்ல மெரந்தாஸ் டேசா வருதுன்னு மண்டோர் சொன்னாரு. கரையில, காட்டுல, குன்றுல ஓடற போட்டி. யாரு வேணாலும் ஓடலாமாம். பேரு கொடுத்துட்டேன்" என்றாள். கொடுக்கவில்லை. அந்த நிமிஷம்தான் மனசுக்குள் கொடுத்தாள்.

பாலகிருஷ்ணன் உரக்கச் சிரித்தான். "கெர்லிங் பள்ளிக்கூடத்துல என் ஓட்டத்தப் பாத்து வாத்தியாரே பயந்தாரு. எனக்கே போட்டியா? சரி, நானும் வரேன். என்னை முந்திட்டா ஆயுசுக்கும் ஓடு, ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். பிந்திட்டா அன்னையோட நிறுத்திரணும்."

"சரிங்க" என்றாள் லீலாவதி. பள்ளிக்கூடத்தில் அவன் ஓடியது நிஜம்தான்.

போட்டிக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. லீலாவதி அதே பையோடு, அதே வேகத்தில், ஆனால் திட்டுவதற்கு இன்னும் அதிக விஷயத்தோடு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போகும்போது மட்டும் வழியிலிருந்த ஒரு குன்றின் மேட்டுப் பாதையில் ஏறி இறங்கிவிட்டு வந்தாள். பாலகிருஷ்ணன் கடைசி வாரம்தான் விழித்துக்கொண்டான். புதுச் சப்பாத்து, பச்சை முட்டை, தொடையில் தைலம். தொழிற்சாலையைச் சுற்றித் தினமும் உயிரைவிட்டு ஓடினான். முதல் நாள் மூச்சு போனது, இரண்டாம் நாள் முழங்கால் போனது. மூன்றாம் நாளிலிருந்து படிக்கட்டைப் பின்பக்கமாக இறங்கினான் என்று பின்னால் வீரன் சொல்லித் தெரிந்தது.

போட்டியன்று கோலா சிலாங்கூர்த் திடலில் தோட்டத்து லோரி வந்து ஆட்களை இறக்கியது. பாதை ஆற்றங்கரையில் தொடங்கி, கம்பத்துக் கிராம வீடுகளின் ஓரமாகத் தென்னைகளுக்குள் புகுந்து, சதுப்புநில மேட்டைச் சுற்றி, கடைசியில் புக்கிட் மெலாவத்திக் குன்றின் உச்சியில் பழைய பீரங்கிக்குப் பக்கத்தில் முடியும். விசில் ஊதியதுதான் தாமதம், பாலகிருஷ்ணன் அம்பாகப் பாய்ந்தான். இளவட்டங்களையெல்லாம் தாண்டிப் போய்விட்டான்.

"ஐயையோ, இப்ப புருஷன் ஓடிட்டான்!" என்று இராஜம்மா கூவினாள். திடலே சிரித்தது.

லீலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் முதுகு சின்னதாகிக் கொண்டே போனது. கால் தானாக எட்டிப் போட்டது. துரத்தத் தொடங்கினாள். கரையைத் தாண்டுவதற்குள் மூச்சு அறுந்தது. அப்போதுதான் நினைவு வந்து, வாயைத் திறந்தாள். குடை, கூரை, காற்றாடி. வாக்கியம் முழுசாக வருகிற வரைக்கும் வேகத்தைக் குறைத்தாள். கூட ஓடிய மலாய்க்காரப் பெண் ஒருத்தி அவள் மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்து மரியாதையாக விலகி ஓடினாள். கம்பத்தில் சிலரை முந்தினாள். சதுப்புநிலத்தில் இன்னும் சிலரை. பாலகிருஷ்ணன் கண்ணில் படவே இல்லை. முடிந்தது, நாளையிலிருந்து நடைதான் என்று நினைத்தபோது திட்டுக்கு நடுவே அழுகை வந்தது. அழுதுகொண்டே குன்றில் ஏறினாள்.

பாதி மேட்டில், வடிகால் ஓரமாக, சப்பாத்து ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தான் பாலகிருஷ்ணன். சட்டைப்பையில் அவன் வைத்திருந்த வாழைப்பழத்தைப் பக்கத்தில் ஒரு குரங்கு உரித்துத் தின்றுகொண்டிருந்தது. அதைத் தடுக்கக்கூட அவனிடம் தெம்பு இல்லை.

அவள் அப்படியே தாண்டிப் போயிருக்கலாம். பந்தயம் அங்கேயே ஜெயித்தாகிவிட்டது. நான்கு எட்டு தாண்டியும் போனாள். பிறகு திரும்பி வந்தாள்.

"எந்திரிங்க."

"நீ போ லீலா. நீ ஜெயிச்சிட்ட."

"நான் ஜெயிச்சது எனக்குத் தெரியும். உங்கள இப்படி வழியில விட்டுட்டு நான் எங்க ஓடறது? எந்திரிங்க. மெதுவா வாங்க. பேசிக்கிட்டே ஓடற அளவுக்கு ஓடினாப் போதும். அதான் இரகசியம்."

"என்னா பேசறது?"

"நான் உங்களத் திட்டிக்கிட்டே ஓடுவேன். நீங்க என்னைத் திட்டிக்கிட்டு வாங்க."

அவன் எழுந்தான். சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு பக்கத்தில் ஓடினான். வாயைத் திறந்தான், மூடினான். மூச்சு வாங்குகிறது என்று நினைத்து லீலாவதி வேகத்தைக் குறைத்தாள். மறுபடி திறந்தான், மூடினான். இன்னும் குறைத்தாள். கடைசியில் இருவரும் கிட்டத்தட்ட நடந்துகொண்டிருந்தார்கள். அப்போதும் சத்தமில்லை.

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"பின்ன என்னா? திட்டுங்க."

"தேடிக்கிட்டு இருக்கேன்லா" என்றான் பாலகிருஷ்ணன்.

லீலாவதிக்கு அதற்குமேல் ஓடுவது கஷ்டமாக இருந்தது. மேடு காரணமில்லை. கண்ணீர் பாதையை மறைத்தது. ஆனாலும் பந்தயம் பந்தயம்தான். கோட்டுக்கு வந்ததும் அவனைக் கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, தான் ஓர் எட்டு முன்னால் போய்க் காலை வைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. பையைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரை மேட்டில் ஏறினாள். வழக்கம்போல வாயைத் திறந்தாள். ஈரத்துண்டை அவன் கொடியில் காயப் போட்டுவிட்டுப் போயிருந்தான். பழைய குடையை எடுத்தாள், கூரையை எடுத்தாள், எதிலும் சூடு இல்லை. வார்த்தை பாதியில் சிரிப்பாக மாறியது. அளவு தெரியாமல் கால் தன்பாட்டுக்குப் பறந்தது. பெரட்டுக்கு வந்து சேர்ந்தபோது நாக்குத் தள்ளிப்போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னா லீலா, இன்னிக்கி காட்டுல சத்தத்தையே காணோம்?" என்றார் தங்கமணி. வெட்டுக்காரர்கள் ஏமாந்த முகத்தோடு பார்த்தார்கள்.

"சனிக்கிழமை வரட்டும் மண்டோரே" என்றாள் மூச்சு வாங்க. "ஏதாவது செய்யாமலா போயிருவாரு?"