'ஏன்?' என்று ஒரு கட்டம்

ஆபீஸில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. புள்ளி அக்கா, அவ்வளவுதான். திரையில் ஒரு எழுத்து ஒரே ஒரு புள்ளி அளவு தள்ளி நின்றாலும் கண்ணில் தூசி விழுந்தது போல அவளுக்கு உறுத்தும். எழுந்து போய், அதைச் செய்தவரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். திருத்தும்வரை நகர மாட்டாள். எரிச்சலில் வைத்த பெயர், நாளாவட்டத்தில் மரியாதையாகிவிட்டது.

ஜெராக்ஸ் கடையில் விசிட்டிங் கார்டு அடித்துக்கொடுத்துத் தொழில் பழகியவள். பத்தொன்பது வருடத்தில் இந்தக் கம்பெனியின் மூத்த டிசைனர் ஆகியிருந்தாள். டிக்கெட் எடுக்கும் திரை, கடையில் பில் போடும் திரை, ஆஸ்பத்திரிக் கருவிகளின் திரை என்று ஊர் விரல் வைக்கும் இடமெல்லாம் அவள் வரைந்தது. ஒரு பட்டன் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் நுனிநாக்கில் காரணம் தயாராக இருக்கும். அந்த நாக்குதான் பின்னால் வினையானது.

ஏஐ வந்த புதிதில் யாரும் பயப்படவில்லை. என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதிக்கொடுத்தால் அது நாலு திரை வரைந்து காட்டும். நாலில் ஒன்றை எடுத்து, பிழையைத் திருத்தி, பக்கத்தில் 'ஏன்?' என்றிருக்கும் கட்டத்தில் டிசைனர் காரணம் எழுத வேண்டும்; அதைப் படித்து அது கற்றுக்கொள்ளும். முதல் நாள் அது வரைந்த பூட்டுப் படத்தில் இரண்டு சாவித்துவாரம் இருந்தது. டிசைனர்கள் பன்னிரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மற்றவர்கள் அந்தக் கட்டத்தில் 'பரவாயில்லை', 'பிடிக்கவில்லை' என்று கடனே என்று எழுதினார்கள். புள்ளி அக்காவால் அப்படி விட முடியுமா? 'வயதானவர்களுக்கு விரல் நடுங்கும், ஆபத்தான பட்டனைத் தனியாக வை' என்று எதிரில் நிற்கிற ஆளைத் திட்டுவது போல பத்தி பத்தியாக எழுதித் தள்ளினாள். மேனேஜர் அவளைவிட ஆறு வயது சின்னவர். அதை மீட்டிங்கில் படித்துக் காட்டி, "எழுதினா அக்கா மாதிரி எழுதணும்" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மூன்றாம் மாதம் பன்னிரண்டு பேர் ஏழானார்கள். கடனே என்று எழுதியவர்கள்தான் போனார்கள். எழுதத் தெரிந்ததால் தப்பித்தோம் என்று அவள் இன்னும் நீளமாக எழுதினாள். ஏழு மூன்றானது, பிறகு அவள் ஒருத்தி. ஆளில்லாத நாற்காலிகளை யாரோ மேசைக்கடியில் வரிசையாகத் தள்ளி வைத்திருந்தார்கள். தனக்கான குழியை அளவு பிசகாமல் தானே வெட்டிக்கொண்டிருந்தாள் மகராசி, அது அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, நாலு திரையும் சரியாக வந்தன. ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாள். ஒரு குறையும் அகப்படவில்லை. குறை கண்டுபிடிக்கிற கண்ணைத் தவிர அவளிடம் வேறு என்ன இருந்தது? கட்டம் காலியாகக் கிடந்தால் இவள் எதற்கு என்று நாளைக்கே கேள்வி வரும்.

அன்றைய திரை, நோயாளிக்கு நரம்பில் மருந்து ஏற்றும் கருவிக்கானது. 'நிறுத்து' இடது ஓரத்தில், மருந்தின் வேகத்தை ஏற்றும் 'கூட்டு' வலது ஓரத்தில். அவள் சொல்லிக்கொடுத்தபடியே இருந்தது. 'நிறுத்து' பட்டனை இழுத்துக்கொண்டுபோய் 'கூட்டு'க்கு ஒட்டினாற்போல் வைத்தாள். கட்டத்தில் எழுதினாள்: 'இரண்டும் ஒரே விரலுக்கு எட்ட வேண்டும். அவசரத்தில் கை அலையக் கூடாது.'

பச்சைப் பொய். ஆனால் பத்தொன்பது வருட அனுபவம் சொன்ன பொய் அல்லவா, படித்தால் நம்பத்தான் தோன்றும். யாராவது கேட்பார்கள், அப்போது மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கேட்க அங்கே யார் மிச்சம்? செவ்வாய், புதன் என்று மூன்று வாரம் அதே கதைதான் நடந்தது. நாலாம் வாரம் ஏஐ தானாகவே இரண்டு பட்டனையும் ஒட்டி வரைந்து அனுப்பியது. பிரித்து வைத்தால், இதுவரை எழுதியது பொய் என்றாகிவிடும். 'சரி' என்று அழுத்தினாள்.

இரண்டு மாதம் போனது. அவள் கணவர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து, சமையலறைக் குழாயில் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"வார்டுக்குப் புது மெஷின் வந்திருக்கு. உங்க கம்பெனி ஸ்கிரீன்தானாம்."

"எப்படிங்க இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நான்தான் இன்னிக்கு நிறுத்தப் போயி கூட்டிட்டேன்." துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். "ஒரு பெரியவருக்கு. பக்கத்துலயே நின்னதால உடனே பாத்துட்டேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. என் கண்ணுதான் மங்குது போல, கண்ணாடி மாத்தணும்."

"உங்க கண்ணு நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். கட்டிய கணவரிடம் கூட உண்மையைச் சொல்ல வெட்கம். இரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள்.

காலையில் அவர் வேலைக்குக் கிளம்பிப் போனதும், இவள் நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"அந்த மருந்து மெஷின் ஸ்கிரீன் தப்பு தம்பி. நான் வேணும்னே தப்பா எழுதினேன். உடனே மாத்தணும்."

அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். "இப்ப எதையும் நாம கையால மாத்த முடியாதுக்கா. அதுகிட்டதான் கேக்கணும்" என்று தட்டச்சு செய்தார். கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. பிரிக்கத் தேவையில்லை. இரண்டும் ஒரே விரலுக்கு எட்ட வேண்டும். அவசரத்தில் கை அலையக் கூடாது.

"இது நான் எழுதினது."

"அதான்க்கா. மத்த எல்லாரையும் விட உங்க பேச்சைத்தான் அது நம்புது."

"அப்ப தப்புன்னு இப்ப எழுதறேன். அந்தக் கட்டம் எங்க?"

"நேத்தே எடுத்துட்டாங்க. தேவையானதக் கத்துக்கிச்சாம், இனி டிசைனரே வேண்டாமாம்." அவர் மேசையைப் பார்த்தார். "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன். மேல சொல்லிப் பாக்கறேன்க்கா. ஆனா அவங்களும் இதுகிட்டதான் கேப்பாங்க."

"எத்தனை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு?"

"நாப்பது. அடுத்த வாரம் இன்னும் போகுது."

வேலை போனது அவள் மனதில் ஏறவே இல்லை. வெளியே வந்து கணவருக்குப் போன் போட்டாள். உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல, குறை என் மேலதான், அந்தப் பட்டன் பக்கமே போகாதீங்க என்று சொல்ல வேண்டும். நேற்று அந்தக் குழாயடியிலேயே சொல்லியிருக்க வேண்டும். வார்டுக்குள் போகும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிடுவது அவர் வழக்கம். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள்.